தறிக் கொட்டகையில் கரைந்த நூற்றொரு வெல்லம்

1

நான் மலேசியாவில் வந்து இறங்கி நேற்றோடு பத்து வருஷம் முடிந்தது. கோதை பாயசம் வைத்தாள். எங்கள் மகள் ஆண்டாள் அதைக் குடித்துவிட்டு, இன்றைக்கு யாருக்குப் பிறந்தநாள் என்று மலாய் மொழியில் கேட்டாள்.

"உங்கப்பா புத்தி கெட்டுப் போய் கப்பல் ஏறி இங்க வந்து எறங்கின நாளு" என்று கோதை தமிழில் பதில் சொன்னாள். ஏழு வயதுப் பெண் அதையும் உடனே மலாயில் ஆக்கி, ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள் எனக்கு வாழ்த்துச் சொன்னார்.

பாயசக் கிண்ணம் கையில் இருக்கும்போதே ஊரிலிருந்து தபால். தம்பி கோவிந்து எழுதியிருக்கிறான்:

"அண்ணா, நம்ம கும்மிடிப்பூண்டில கம்பெனிங்கோ வருது. ரயிலடிக்கு அந்தாண்ட பெரிய ஷெட்டு போட்றாங்கோ. நட்ட நடுவுல ஒரு புளியமரம். அதுல முனி கீதுன்னு ஒருத்தனும் கோடாலி தூக்க மாட்டேன்றான். காண்டிராக்டரு பேஜாராயி குந்திகினு கீறாரு. நம்ம ஜனம் எப்பத்தான் திருந்துமோ. உங்க ஊர்ல எல்லாம் சைன்ஸு தானே, இந்த மாரி வம்பு எதுவும் இருக்காதே?"

சைன்ஸு! எனக்குப் பாயசம் மூக்கில் ஏறிவிட்டது. கோவிந்து, அப்படி உட்கார். வாசகர்களே, நீங்களும்தான். இந்த ஊர் சைன்ஸையும் அதில் உங்கள் ரங்கன் மெக்கானிக் ஆற்றிய அரும்பணியையும் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

2

முதலில் வெல்லம்.

திருவள்ளூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் குளத்தில் அமாவாசையன்று வெல்லம் கரைப்பார்கள். வியாதிக்காரர் தன் பேரைச் சொல்லி ஒரு கட்டியைத் தண்ணீரில் விட வேண்டும். வெல்லம் கரைய, வியாதியும் கரையும். ஆளுக்கு ஒரு கட்டி, அது சட்டம். நாலு பேருக்குச் சேர்த்து ஒரே கட்டி போட்டால், வியாதி யாரை விட்டுப் போவது என்று குழம்பிப்போகும் என்பார்கள்.

என் நைனா அந்தக் கோயிலில் சாமி தூக்குகிறவர். உற்சவம் என்றால் பெருமாள் அவர் தோளில். ஒரு தடவை இங்கே வேலை பெர்மிட் ஆபீசில், தகப்பனார் தொழில் என்ன என்று குமாஸ்தா கேட்டார். கடவுளைத் தூக்குவது என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பாரத்தில் 'போக்குவரத்து' என்று எழுதிக்கொண்டார். தப்பென்று சொல்ல முடியுமா?

அப்பேர்ப்பட்டவருக்குப் பிறந்த நான் அமாவாசை தோறும் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? படிக்கட்டின் ஓரமாக முங்கி, ஜனங்கள் விட்ட வெல்லம் கரைவதற்குள் பிடித்துத் தின்றுகொண்டிருந்தேன். மூட்டுவலி, காசம், சொறி, மலேரியா என்று எங்கள் ஜில்லாவின் வியாதிகளில் பாதி என் வயிற்றுக்குள் போயிருக்கிறது. ஒரு நாள் நைனா பார்த்துவிட்டார். சாமி தூக்கும் கையால் வாங்கிய அறை எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

"ஏண்டா, அடுத்தவன் நோவத் துன்னியே, அது உன் ஒடம்புல எங்க போய் குந்திக்கினு கீதோ, எப்ப எழுந்து வருமோ!"

எழுந்து வந்தது. இருபத்தைந்து வருஷம் கழித்து, கடல் தாண்டி.

3

ஆனால் அதற்கு முன் கும்மிடிப்பூண்டி அரிசி மில். நான் மெக்கானிக்காகக் கெட்டுப்போனது அங்கேதான்.

அறுபதுகளில் அங்கே கம்பெனி ஏது? நெல்லும் மில்லும்தான். எங்கள் முதலாளி நாயுடுவுக்கு மிஷின் நின்றால் அம்மன் கோபித்துக்கொண்டாள் என்று அர்த்தம். உடனே பெரியபாளையத்துக்கு ஆள் ஓடும். தீர்த்தம் வரும். அந்த ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும், வேண்டிக்கொண்டவர்கள் வேப்பிலையையே ஆடையாகக் கட்டிக்கொண்டு சுற்றுவார்கள். நாயுடு மிஷினுக்கே வேப்பிலை ஆடை கட்டிவிட்டார்! லாரி டிரைவர் பாஷா பாய் தர்காவிலிருந்து தாயத்து கொண்டுவந்து சுவிட்சில் கட்டுவார். மாதாகோயில் தண்ணீரைச் சின்ன பாட்டிலில் வைத்திருக்கும் கணக்கப்பிள்ளை அதைத் தெளிப்பார். மூன்று சாமியும் ஒரு நெல் மிஷினைச் சுற்றி நிற்கும்.

கற்பூரம் காட்டும்போது எல்லோரும் கண்ணை மூடுவார்களே, அந்த நேரத்தில் நான் மிஷினுக்கு அடியில் புகுந்து பேரிங்கை மாற்றிவிடுவேன். கண் திறந்தால் மிஷின் ஓடும். "வந்துட்டாடா எங்கம்மா!" என்று நாயுடு ஆடுவார். டப்பு டப்பென்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்று சிரிப்பேன். இந்த உலகத்தில் விவரம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற எண்ணம் அப்போது தலைக்குள் ஏறியது. இறங்கப் பதினைந்து வருஷம் ஆயிற்று. போன மாதம்தான் இறங்கியது.

4

இப்போது நான் இருப்பது ஒரு நெசவு மில். புதுத் தறிக் கொட்டகை, நாற்பது தறி, அறுபது பெண்கள், மலாய், சீனம், தமிழ் மூன்றும் கலந்து. நூல் அறாமல் இருக்கக் காற்று எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். அதற்காக மேலே குழாய்கள் ஓடும், தண்ணீரைப் புகை மாதிரித் தூவிக்கொண்டே இருக்கும். கூடவே வெளிக்காற்றைக் கொண்டுவரும் பெரிய தகரக் குழாய்கள். அத்தனையும் என் பொறுப்பு. மாதா மாதம் சுத்தம் செய்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மத்தியானம் நாலாவது வரிசையில் லெட்சுமி விழுந்தாள்.

லெட்சுமி ரப்பர் தோட்டத்துப் பெண், பேச்சில் இந்த ஊர் 'லா' ஒட்டிக்கொண்டிருக்கும். தாத்தா காலத்திலேயே வந்த குடும்பம், ஆனால் பேப்பர் சரியில்லை. கையில் இருப்பது சிவப்பு அடையாளக் கார்டு. அதற்கு அர்த்தம், இங்கேயே பிறந்தவள் என்றாலும் வேலை செய்ய பெர்மிட் வேண்டும். பெர்மிட்டுக்கு மில்லின் கடிதம் வேண்டும். வேலை போனால் கடிதம் போகும், கடிதம் போனால் பெர்மிட் போகும், அப்புறம் அவள் பார்த்தே இராத இந்தியாவுக்குக் கப்பல்தான். அப்பா தவறிப்போனவர், அம்மாவுக்கு இவள் சம்பளம்தான் சோறு. அந்தப் பெண் கண் செருகி, வேறு குரலில் கத்திக்கொண்டு விழுந்தது. அடுத்த நாள் அதே வரிசையில் மூன்று பேர். அந்த வாரத்துக்குள் பன்னிரண்டு. கொட்டகையே அலறியது. கோவிந்து, உன் புளியமரத்தில் ஒரு முனிதானே? இங்கே மூன்று மதத்துப் பேய்கள் ஷிப்ட் போட்டு வேலை செய்தன!

மலாய்ப் பெண்கள், காட்டை வெட்டிக் கட்டிய இடம், அங்கே இருந்த ஹந்துவுக்குக் கோபம் என்றார்கள். ஹந்து என்றால் ஆவி. சீனப் பெண்கள், பசித்த ஆவிகளுக்குப் படையல் வைக்காமல் மில்லைத் திறந்துவிட்டார்கள் என்றார்கள். நம் பெண்கள் சந்தேகமே இல்லாமல் முனி என்றார்கள்.

மானேஜர் மிஸ்டர் லிம் ஒல்லியான மனிதர், வயிற்றுப்புண், எப்போதும் பால் குடிப்பார். அவர் மூன்று கூட்டத்துக்கும் ஆளுக்கொரு மந்திரக்காரராக மூன்று பேரை வரவழைத்தார். பொமோ என்கிற மலாய் மந்திரவாதி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அவர் போட்ட சாம்பிராணி சாட்சாத் எங்கள் ஊர் சாம்பிராணி. மஞ்சள் அரிசியை வீசிக்கொண்டே கொட்டகையைச் சுற்றி வந்து, நாலாவது வரிசையில் நின்று, "இங்கேதான்" என்றார். சீனப் பூசாரி மணி அடித்து, மஞ்சள் காகிதத்தில் சிவப்பு எழுத்து எழுதி எரித்து, நடந்து நடந்து அதே நாலாவது வரிசையில் நின்றார். தோட்டத்து முனீஸ்வரன் கோயில் பூசாரி சுருட்டைப் பற்றவைத்து, புகை எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்தார். நாலாவது வரிசை!

எனக்கு ஒரே குஷி. மூன்று மதம், மூன்று மொழி, ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, ஒரே இடத்தைக் காட்டுகிறார்கள்! முதலில் விழுந்த இடம் எது என்று வாசலிலேயே கேட்டிருப்பார்கள் என்று நான் சுவரில் சாய்ந்து, அரிசி மில்லில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தேன். என் தலைக்கு நேர் மேலே தகரக் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் மறுபடியும் லெட்சுமிதான் முதலில் விழுந்தாள்.

லிம் என்னைக் கூப்பிட்டு, "ரங்கன், அவளிடமிருந்துதான் தொடங்குகிறது. இன்னும் ஒரு தடவை ஏதாவது நடந்தால் அவள் வீட்டுக்குப் போகட்டும். நீயே உங்கள் மொழியில் சொல்லிவிடு" என்றார். என் பெர்மிட்டைப் புதுப்பிக்கும் கடிதமும் அவர் மேஜைமேல் கையெழுத்துக்காகக் கிடந்தது. நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

லெட்சுமியிடம் சொன்னேன். அவள் அழவில்லை.

"அண்ணே, நான் என்னா வேணும்னா விழுறேன்? அங்க நின்னா ரெண்டு மணிக்கெல்லாம் நெஞ்ச யாரோ அமுக்குற மாதிரி இருக்கு லா. இந்தியாவுல எங்கள எறக்கி விட்டா, எந்த ஊருக்குப் போறதுன்னு யாரக் கேக்குறது? நீங்க அங்கேருந்து வந்தவங்கதானே, சொல்லுங்க."

அன்றுதான் எனக்கு வெல்லம் ஞாபகம் வந்தது.

5

வெள்ளிக்கிழமை அமாவாசை. நம்ம ஊர்க் குளத்துக்கு இங்கே எங்கே போவது? ஆறு ஓடுகிறது. ஓடுகிற தண்ணீர் செல்லாது, நின்ற தண்ணீர் வேண்டும். சீனக் கோயிலில் குளம் உண்டு, ஆனால் நிறைய ஆமைகள். கரைவதற்கு முன்பே தின்றுவிடும். இந்தத் தொழிலில் எனக்கு முன் அனுபவம் இருப்பதால் அதை நம்பவில்லை.

யோசித்துப் பார்த்தால், மில்லுக்குள்ளேயே ஒரு தொட்டி இருக்கிறது. தூவுகிற குழாய்களுக்குத் தண்ணீர் போகும் தொட்டி. நின்ற தண்ணீர், நாலு பக்கம் படிபோலச் சிமெண்டு. குளமேதான்!

நம்மூர் வெல்லம் இங்கே கிடைக்கவில்லை. குலா மலாக்கா என்று தென்னை வெல்லம் உண்டு, மூங்கிலில் வார்த்து, காய்ந்த இலையில் சுற்றி விற்பார்கள். ஆளுக்கு ஒரு கட்டி என்பது சட்டம். அறுபது பெண்கள், அறுபது கட்டி. தறிகளுக்கும் சேர்த்துப் போட்டுவிடுவோம் என்று நாற்பது. மிஸ்டர் லிம்முக்கு ஒன்று, வயிற்றுப்புண்ணுக்காக. மொத்தம் நூற்றொன்று. கடைக்காரர், கல்யாணமா என்று கேட்டார்.

"இன்னாங்க இது மூட்ட?" என்றாள் கோதை. சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"நீங்க மெக்கானிக்கா, இன்னா ஆளு நீங்க? கொளத்துல போட்டா கொளத்துல கீற மீனு குடிக்கும். மிஷினுல போட்டா யாரு குடிப்பா?"

"பக்தியில கணக்குப் பாக்கக் கூடாதுடி."

"பக்தியா! ஊர்ல அடுத்தவன் வெல்லத்தத் துன்ன வாயி, இங்க வந்து பக்தி பேசுது. மாட்டிக்கினு வந்தீங்கன்னா எனக்குத் தெரியாது, சொல்லிட்டேன்."

என்றாலும், தலைக்கு ஊற்றிக்கொண்டு போங்கள் என்று வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மலாய்க்கார ஆண்கள் தொழுகைக்குப் போவார்கள், மற்றவர்கள் சாப்பிடப் போவார்கள். தறிகள் நிற்கும். நான் தொட்டி ஓரம் உட்கார்ந்து ஒவ்வொரு பேராகச் சொல்லிச் சொல்லி விட்டேன். ஜமீலா, ஆ மொய், லெட்சுமி... சீனப் பெயர்களில் பாதி எனக்குச் சரியாக வரவில்லை, பெருமாள் திருத்திக்கொள்வார் என்று விட்டுவிட்டேன். கட்டிகள் மெள்ள மெள்ளக் கரைந்து, தண்ணீர் காபி நிறமானது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பத்து வருஷத்தில் முதல் தடவையாக ஊரில் இருந்தேன். இலைகளைச் சுருட்டி, பக்கத்தில் இருந்த குப்பைக் கூடையில் போட்டேன். அது நாலாவது வரிசைக் கூடை.

6

இரண்டு மணிக்குத் தூவல் தொடங்கியது.

முதலில் கண்டுபிடித்தது மலாய்ப் பெண் ஜமீலா. உதட்டை நக்கினாள். "மானிஸ்!" என்றாள். இனிப்பு! பக்கத்தில் நின்றவள் நக்கினாள். அவளும் கத்தினாள். ஐந்து நிமிஷத்தில் அறுபது பெண்களும் தறியை விட்டுவிட்டுத் தங்கள் உதட்டை நக்கிக்கொண்டிருந்தார்கள். காற்று இனித்தது ஐயா, காற்று! பொமோவின் மந்திரம் பலித்துவிட்டது என்று ஒரு பக்கம், இல்லை சீனப் பூசாரியுடையது என்று ஒரு பக்கம். நம் பெண்கள் முனீஸ்வரனுக்குச் சர்க்கரைப் பொங்கல் நேர்ந்துகொண்டார்கள். லிம் வந்து, யாரும் பார்க்காதபோது, தன் கை மேல்புறத்தை நக்கிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

அன்று யாரும் விழவில்லை. சனிக்கிழமை மழை, குளுகுளு என்று இருந்தது, அன்றும் யாரும் விழவில்லை. நான் வீட்டுக்குப் போய் கோதையிடம் மார்தட்டினேன். ஆண்டாள் என் சட்டையை நக்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, நம்ம சாமிக்கு மலாய் தெரியுமா?" என்று கேட்டாள்.

"எல்லாம் தெரியும் கண்ணு."

7

ஞாயிற்றுக்கிழமை மில்லுக்கு லீவு. எறும்புக்கு லீவு இல்லை.

திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தால், தறி தெரியவில்லை. கறுப்பாக ஏதோ ஊர்ந்தது. சுவரில், தறியில் நீட்டிய பாவு நூலில், குழாய்களில் எறும்பு, எறும்பு, எறும்பு! இந்த நாட்டு எறும்புகள் மொத்தமும் குடும்பத்தோடு வந்திருந்தன. நூல் எல்லாம் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. ஒரு தறிகூட ஓடவில்லை. ஆவி எறும்பு உருவத்தில் கிளம்பிப் போகிறது, வழிவிடுங்கள் என்று ஜமீலா எல்லோரையும் ஒதுக்கினாள்.

லிம்முக்கு அந்தப் பக்குவம் இல்லை. கொட்டகையைச் சல்லடை போட்டுத் தேடச் சொன்னார். நாலாவது வரிசைக் கூடையில் நூற்றொரு இலை கிடைத்தது. அரை மணி நேரத்தில் லெட்சுமி அவர் மேஜை முன்னால் நின்றாள். அவளுக்கு மலாய் வராது என்று நினைத்து, மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

"இவள் மந்திரம் செய்திருக்கிறாள். இன்றோடு முடிந்தது என்று சொல்."

லெட்சுமி என்னைப் பார்த்தாள். என் கடிதம் அதே மேஜையில், பால் தம்ளருக்குக் கீழே இருந்தது. தம்ளர் ஈரம் அதில் வட்டம் போட்டிருந்தது. கற்பூரம் எரியும்போது கண்ணை மூடிக்கொள்பவர்கள் இங்கே யாரும் இல்லை. மிஷினுக்கு அடியில் புகுந்துகொள்ள மிஷினும் இல்லை.

"சார், அது நான்" என்றேன்.

முழுக் கதையும் சொன்னேன். குளம், அமாவாசை, ஆளுக்கு ஒரு கட்டி, தறிக்கு ஒரு கட்டி. என் மலாய் பாதியில் தீர்ந்துபோய், மீதிக்கு லெட்சுமியே மொழிபெயர்த்தாள். குற்றவாளிக்குக் குற்றவாளி துணை. லிம் ஒரு காகிதத்தில் கூட்டிப் பார்த்தார்.

"நூற்றொன்றாவது யார்?"

"நீங்கள்தான் சார்."

"எனக்கு என்ன வியாதி?"

"வயிறு சார்."

அவர் பால் தம்ளரைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. கோபத்தில் என்று நினைத்தேன், சிரிப்பு. சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "எல்லாக் குழாயையும், தண்ணீர் தூவுகிற எல்லா மூக்கையும், நீ உன் கையால் கழட்டிக் கழுவ வேண்டும். பேச்சு அதற்கு அப்புறம். அவள் விஷயமும் அதற்கு அப்புறம்."

8

தனியாகத்தான் ஏணி ஏறினேன். கொஞ்ச நேரத்தில் கீழே லெட்சுமி வெந்நீர் வாளியோடு நின்றாள். அப்புறம் ஜமீலா. அப்புறம் சீனப் பெண் ஆ மொய் ஒரு பிரஷ்ஷோடு. காற்றை இனிப்பாக்கிய மந்திரவாதியைக் கிட்டே பார்க்க வந்தார்களாம்.

வரிசை வரிசையாகக் கழுவிக்கொண்டு நாலாவது வரிசைக்கு வந்தேன். தூவுகிற குழாய்க்கு மேலே வெளிக்காற்று வரும் தகரக் குழாயின் வாய். எறும்பு உள்ளே போயிருக்குமோ என்று மூடியைக் கழட்டினேன்.

உள்ளே ஒரு தலையணை.

தலையணை என்றால் தலையணையேதான். மாதக்கணக்கில் பறந்த பஞ்சு, அடைந்து, இறுகி, காற்று ஒரு மூச்சு கூட வராமல் அடைத்துக்கொண்டிருந்தது. கையை விட்டு இழுத்தேன். இழுக்க இழுக்க வந்தது. கடைசியாகப் பொத்தென்று விழுந்ததும், குழாயிலிருந்து குபீரென்று காற்று லெட்சுமி முகத்தில் அடித்தது. அவள் தலைத்துணி பறந்தது.

"அண்ணே! காத்து! எட்டு மாசமா இங்க காத்தே வந்ததில்ல லா!"

எட்டு மாதம். எட்டு மாதமும் நோட்டில் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று அழகாகக் கையெழுத்துப் போட்டவன் யார்? மேலே ஏறினால் முட்டி வலிக்கிறது என்று கீழேயே நின்று டிக் போட்டவன் யார்? பொமோ இடத்தைச் சரியாகச் சொன்னார். சீனப் பூசாரி சரியாகச் சொன்னார். சுருட்டுப் புகைகூட அங்கே மேலே போக வழியில்லாமல் தேங்கி நின்று காட்டிக்கொடுத்தது. மூன்று சாமியும் விரலை நீட்டிக் காட்டியும் நிமிர்ந்து பார்க்காதவன் மெக்கானிக் ஒருவன்தான்.

ஏணியிலிருந்து இறங்கி லெட்சுமியிடம் சொன்னேன்: "ஹந்துவும் இல்ல, முனியும் இல்ல. உன் நெஞ்ச அமுக்கினது நான்தாம்மா."

அவள் அந்தப் பஞ்சு மூட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"நூத்தியொரு கட்டி போட்டீங்களே அண்ணே, உங்களுக்கு ஒண்ணு போட்டீங்களா?"

நான் விரல் விட்டு எண்ணினேன். அறுபது, நாற்பது, ஒன்று.

போடவில்லை.

பஞ்சை அப்படியே தூக்கிக்கொண்டு போய் லிம் மேஜையில் வைத்தேன். நோட்டையும் பக்கத்தில் வைத்தேன். லெட்சுமிக்குக் கடிதம் அன்றே கிடைத்தது. எனக்குக் கடிதம் கிடைக்க மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் அவர் என்னை மெக்கானிக் என்று கூப்பிடவில்லை, 'வெல்லம்' என்றே கூப்பிட்டார். இப்போது மில் முழுக்க அதுதான் என் பேர். அதற்குப் பிறகு யாரும் விழவில்லை. காரணம் யார் என்பதில் மூன்று கட்சிகளும் இன்னும் சண்டை போடுகின்றன. நான் எந்தக் கட்சியையும் மறுக்கவில்லை. வெல்லம் கரையாமல் இருந்திருந்தால் நான் அந்த ஏணியில் ஏறியிருப்பேனா?

9

ஆகவே கோவிந்து, உன் காண்டிராக்டரிடம் சொல். முனி இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய வேண்டாம். மரத்தை வெட்ட மாட்டேன் என்கிறவனிடம், ஏன் என்று ஒரு தடவை ஒழுங்காகக் கேட்கட்டும். அந்த ஷெட்டுக்கு எத்தனை ஜன்னல் வைக்கப்போகிறார் என்று நீ கேள். ஜனம் திருந்தவில்லை என்று எழுதினாயே, அந்த வரியை மட்டும் அடித்துவிடு.

இன்னொரு வேலை. வருகிற அமாவாசைக்குக் கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பி, நம்ம ஊர்க் குளத்துக்குப் போ. நல்ல வெல்லமாக ஒரு கட்டி வாங்கு. என் பேரைச் சொல்லித் தண்ணீரில் விடு. விட்டுவிட்டு உடனே பஸ்ஸுக்கு ஓடாதே, முழுசாகக் கரைகிற வரைக்கும் படியிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள். எந்தப் பயலாவது முங்கி வந்து அதைப் பிடித்துத் தின்றுவிடப் போகிறான். பாவம், மெக்கானிக் ஆகிவிடுவான்.